சீர்காழி அரங்கநாதனார்

முத்துச் சலாபம் நடந்த நாளில், தூத்துக்குடிக் கரையில் வணிகர் முத்தைத் தரம் பிரிக்கும் முறை ஒன்று இருந்தது. சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, கழுவி எடுத்த முத்துக்களைச் சல்லடையில் இடுவர். பித்தளையாற் செய்த சிறு சல்லடைகள் பத்து உண்டு. முதற் சல்லடைக்கு 20 துளை, அடுத்ததற்கு 30, பின்னர் 50, 80, 100 என ஏறிக் கடைசிச் சல்லடைக்கு 1000 துளை. துளை பெருகப் பெருக அதன் அகலம் சுருங்கும். ஆகவே பெருமுத்து முதற் சல்லடையிலேயே தங்கிவிடும்; சிறியவை ஒவ்வொன்றாய் இறங்கித் தமக்குரிய சல்லடையில் அமையும். இதனோடு வணிகர் வேலை முடிந்ததோ எனின், முடியவில்லை. ஒரே சல்லடையில் தங்கியவற்றை மீண்டும் உருட்சியும் ஒளியும் நிறமும் பார்த்து, ஆணிமுத்து முதலாகப் பல இனமாய்ப் பிரிப்பர். பின்பு மஞ்சாடியிட்டு நிறுப்பர். அளவு ஒன்று, தரம் ஒன்று, நிறை ஒன்று என ஒரு முத்துக்கு மூன்று முகம். மூன்றையும் அறிந்தாலன்றி விலை பேசார்.

1961ஆம் ஆண்டிற்குப் பின் நம் கரையில் சலாபம் நடைபெறவில்லை. ஆதலின் இவற்றை நாம் கண்ணாற் கண்டதில்லை. முதியோர் சொல்லக் கேட்டும் நூல்களிற் படித்தும் அறிந்ததே. நூல்நிலைய அறிஞர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுந்த நாம் முத்தைப் பற்றி இத்துணை பேசுவதேன் என்று நண்பர் சிலர் புருவம் நெரிப்பர். சற்றுப் பொறுத்தருளுமாறு வேண்டுகிறோம். ஒரு பொருளை ஒரே சல்லடையில் இட்டு முடிவு கட்டுதல் ஆகாது என்பதை நூல்களின் உலகிற்குக் காட்டியவரே நம் வரலாற்றுத் தலைவர்.

எஸ். ஆர். ரங்கநாதன் என உலகம் அறிந்த அரங்கநாதனார் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியிற் பிறந்தவர். தந்தையார் இராமாமிர்த ஐயர். தாயார் சீதாலட்சுமி அம்மையார். ஆறாம் வயதிலேயே தந்தையை இழந்தார். பேசும்போது நாத் திக்கும் குறையும் அவருக்கு இருந்தது. அக்குறையுடைய சிறுவன் பிற்காலத்தில் ஆசிரியராகி, நாடெங்கும் மேடையேறிப் பேசினான் என்பது திக்குவாயுடைய நம் நண்பர் ஒருவருக்கு மிக்க ஆறுதலாயிருப்பதால் இங்கே குறித்தோம். சீர்காழி இந்து உயர்நிலைப்பள்ளியிற் பயின்று, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் சேர்ந்தார். அந்நாளில் அக்கல்லூரி தாம்பரத்திற்குப் பெயராமல் நகரின் நடுவே உயர்நீதிமன்றத்திற்கு எதிரில் இருந்தது. அங்கே 1913இல் பி.ஏ. பட்டமும் 1916இல் கணிதத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். எட்வர்டு இராஸ் என்னும் கணிதப் பேராசிரியர் அவருக்கு அங்கே வாய்த்தார். மாணவன் கல்லூரியை விட்டுச் சென்ற பின்னும் அறாத நட்பு இது. இதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியிற் பயிற்சி பெற்றபின், மங்களூரிலும் கோயம்புத்தூரிலும், அதன்பின் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். வகுப்பில் ஆசிரியர் மட்டும் பேச மாணவர் வாய்மூடி எழுதிக்கொள்ளும் முறை அவருக்கு உவப்பாயில்லை. மாணவரே நூல்களைத் தேடிப் படித்து வந்து வினவ வேண்டும் என்பது அவர் விருப்பம். கணித ஆசிரியராயிருந்தபோதே நூல்நிலையத்தின் வாயிலில் அவர் நின்றுவிட்டார் எனலாம். ஆயினும் உள்ளே புகும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை.

1923இல் சென்னைப் பல்கலைக் கழகம் தனக்கு நூலகர் ஒருவரை வேண்டி விளம்பரம் செய்தது. ஏறக்குறைய 900 பேர் விண்ணப்பித்தனர். அவருள் நூலகத் தொழிலிற் பயிற்சி பெற்றவர் எவரும் இலர்; நம் நாட்டில் அத்தொழிலைக் கற்பிக்கும் இடமே அரிதாயிருந்த காலம் அது. அரங்கநாதனாரும் விண்ணப்பித்திருந்தார், ஆனால் நேர்காணலுக்கு அழைப்பு வந்தபோது தாம் விண்ணப்பித்ததையே மறந்திருந்தாராம். சில நாட்களுக்கு முன் பிரிட்டானியக் கலைக்களஞ்சியத்தில் நூலகம் என்னும் கட்டுரையைப் படித்ததே அவர் செய்த ஆயத்தம். அப்பணி அவருக்கே கிடைத்தது. 1924 ஜனவரியிற் பொறுப்பேற்றார்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க விரும்புகிறோம். பெரியோர் வரலாறுகளில் அவர்கள் தம் தொழிலை முதல் நாளே காதலித்தனர் என்று எழுதுவது வழக்கம். அரங்கநாதனார் வரலாறு அப்படியன்று. மாணவர் கூட்டத்தின் நடுவே வாழ்ந்து பழகிய அவருக்கு, வருவாரும் போவாரும் அரிதாகிய அந்த அறை சிறைபோலத் தோன்றியது. செய்வதற்கு ஒன்றுமில்லை. நூல்கள் அடுக்கிலே உறங்கின. அவற்றைக் காப்பவரும் அவற்றோடு உறங்க வேண்டியதே. சில வாரங்களுக்குள் பல்கலைக் கழகத்தாரிடம் சென்று, தம்மைக் கற்பிக்கும் பணிக்கே திருப்பி அனுப்புமாறு வேண்டினார். அவர்கள் ஓர் உடன்படிக்கை செய்தனர். இலண்டனுக்குச் சென்று அங்குள்ள நூலக முறைகளைக் கற்று வரவேண்டும். திரும்பி வந்தபின்னும் வெறுப்பு மாறாதிருப்பின் கணித வேலை அவருக்குக் காத்திருக்கும் என்பது அது. அந்த வெறுப்பை நாம் பழிக்கவில்லை. உறங்கும் நூல்களைக் கண்டு சலிப்படையாதவர் அவற்றை எழுப்பவும் எண்ணார்.

இலண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் நூலகப் பயிற்சிப் பள்ளி இருந்தது. குராய்டன் நகர நூலகத் தலைவராயிருந்த பெரிக் சேயர்ஸ் என்பவர் அங்கே வகைப்பாடு கற்பித்தார். அரங்கநாதனார் பரீட்சையிற் பெற்ற எண்கள் நடுத்தரத்திற்குச் சற்றே மேலானவை என்பர். இதைப் படிக்கும் தோழர் பலருக்கும் இச்செய்தி இன்பம் பயக்கும் என நம்புகிறோம். ஆனால் அவர் அங்கே பாடத்தைவிட மிகுதியாக நூலகங்களைப் படித்தார். நூற்றுக்கு மேற்பட்டவற்றை நேரிற் சென்று பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் மனத்தில் ஐயம் ஒன்று முளைத்தது.

அமெரிக்கராகிய மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பே அந்நாளில் எங்கும் வழங்கியது. உலக அறிவனைத்தையும் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்தாகப் பிரித்துச் செல்வது அம்முறை. மாணவர் அதனை மனப்பாடம் செய்வதே வழக்கம். வெளியிலிருந்து வந்த கணித ஆசிரியரோ அதனைத் தேற்றம் போலச் சோதித்தார். சில நூல்களைக் கையில் எடுத்து, ஒவ்வொன்றையும் அம்முறையின்படியே முற்றிலும் வேறான இரண்டு எண்களின் கீழ் வைக்கக்கூடும் என்று காட்டினார். இரண்டு இடமும் சரியே. ஆயினும் நூல் ஒன்று. அப்படியாயின், ஓரிடத்திற்குப் போகும் வாசகன் மற்றோரிடத்தில் உள்ளதை எங்ஙனம் அறிவான்?

விடை ஒரு பொம்மைப் பகுதியிற் கிடைத்தது. இலண்டனில் செல்பிரிட்ஜ் என்னும் பெருங்கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுக் கருவியைக் கண்டார். துளையிட்ட சிறு தகடுகளும் சக்கரங்களும் திருகாணிகளும் அடங்கிய பெட்டி அது. அதே துண்டுகளைக் கொண்டு ஒரு பொழுது வண்டியும், மறு பொழுது பாலமும், பின்னொரு பொழுது பளுதூக்கியும் சமைக்கலாம். கடைக்காரர் ஆயத்தமான வண்டியையும் ஆயத்தமான பாலத்தையும் விற்கவில்லை; துண்டுகளையும் அவற்றை இணைக்கும் ஆணிகளையும் விற்றார். அறிவுலகையும் அவ்வாறே செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். எல்லாப் பொருளுக்கும் முன்கூட்டியே அறை கட்டிவைக்க வேண்டா. அடிப்படைக் கூறுகளை மட்டும் அமைத்து, வரும் நூலுக்கேற்ப அவற்றை இணைத்துக்கொள்ளலாம். அவர் கருத்திலே திருகாணியாய் அமைந்தது முக்காற்புள்ளி. அதனாலேயே அம்முறைக்குக் கோலன் பகுப்பு முறை என்று பெயராயிற்று.

எண்ணம் தோன்றியவுடன் அதனைப் பெரிய நூலகத்தில் ஏற்றித் தடுமாறாமல், திரும்பி வந்த கப்பலிலேயே அவர் சோதித்துப் பார்த்தார். கப்பலில் பிரயாணிகளுக்காக வைத்திருந்த சிறு நூலகத்தைத் தம் புதிய முறைப்படி மாற்றியடுக்கினார். பிழை நேர்ந்தாலும் துறைமுகம் சேர்வதற்குள் பழையபடி அடுக்கிவிடலாமன்றோ! நம்மூர்த் துறைமுகத்தில் எத்தனையோ கப்பல்களைப் பார்த்திருக்கிறோம். அவற்றுள் ஒன்றில் இத்தகைய சரக்கு ஏறிவந்தது என்று எண்ணுதல் நமக்கு மிக்க மகிழ்ச்சி தருகிறது. 1925இல் சென்னை சேர்ந்தார். கணித வேலையை அவர் மீண்டும் கேட்கவில்லை.

கோலன் பகுப்பு 1933இல் நூலாக வெளிவந்தது. பின்வந்த பதிப்புகளில் அவர் அதனை மேலும் செப்பனிட்டு, எந்த நூற்பொருளும் ஐந்து கூறுகளாற் பிரித்தறியப்படும் என்று தெளிந்தார். இடம், காலம் என்பன எளிதில் விளங்குவன. செயல் என்பது அப்பொருளில் நிகழும் தொழில். பொருள் என்பது அது எதனால் ஆயது என்பது. இந்நான்கையும் களைந்தபின் எஞ்சி நிற்பதே ஐந்தாவதாகிய முதன்மைக் கூறு. அதனை நேரே வரையறுப்பது அரிது என்று அவரே ஒப்புக்கொண்டு, மற்றவற்றைக் கழித்துக் காணுமாறு வழி சொன்னார். கழித்துக் காணுதல் கணித ஆசிரியரின் கைப்பழக்கம் போலும்.

தமிழ் பயிலும் நமக்கு இவ்விடத்தில் ஒரு வியப்புத் தோன்றாமற் போகவில்லை. பவணந்தி முனிவர் பெயர்ச்சொல்லைப் பொருளும் இடமும் காலமும் சினையும் குணமும் தொழிலும் என ஆறாகப் பகுக்கிறார். வினைச்சொல்லைக் கூறுங்கால், செய்தவன் யார், எக்கருவியால், எந்நிலத்தில், என்ன செயல், எக்காலத்தில், எப்பொருளை என்று ஆறு வினாக்களுக்கு விடை தருவதே வினை என்னும் கருத்தை வைக்கிறார். அரங்கநாதனார் நன்னூலைப் பார்த்துத் தம் முறையை வகுத்தார் என்று நாம் கூறத் துணியவில்லை. அதற்குச் சான்று இல்லை. ஆனால் நன்னூலை நன்கு கற்ற மாணவனுக்கு அவர் முறை அயல்நாட்டுப் பொருளாய்த் தோன்றாது என்று மட்டும் கூறுவோம்.

இனி, இவ்வரலாற்றை எழுத நம்மைத் தூண்டிய நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். நம் தோழர் ஒருவர் சங்குகுளிக்கும் குடும்பத்திற் பிறந்தவர். தம் பாட்டனார் செய்த தொழிலின் பழைய வரலாற்றை அறிய விரும்பி, நாம் பெயர் குறிக்க விரும்பாத ஒரு நூல்நிலையத்திற்குச் சென்றார். சங்கு குளிப்போரைப் பற்றிய நூல் உண்டோ என்று வினவினார். தொழில், வரலாறு என்னும் இரு பகுதிகளையும் பணியாளர் நோக்கிவிட்டு, அத்தகைய நூல் எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார். அவர் பொய் கூறவில்லை, தேடத்தான் செய்தார். ஆயின் சில மாதங்களுக்குப் பின் வேறு வேலையாக நாம் அங்கே சென்றபோது, விலங்கியல் அடுக்கில், நண்டுகளைப் பற்றிய நூலுக்கும் மீன்களைப் பற்றிய நூலுக்கும் இடையே, இந்தியாவின் புனிதச் சங்கு என்னும் பொருள்பட்ட ஆங்கில நூலைக் கண்டோம். ஜேம்ஸ் ஹார்னெல் என்பவர் 1914இல் சென்னை மீன்துறை வெளியீடாக இயற்றியது அது. தூத்துக்குடியில் முத்துச் சலாபத்தையும் சங்குச் சலாபத்தையும் மேற்பார்வை செய்தவர் அவர். நம் கரையிற் சங்கு குளிக்கும் முறையும், அச்சங்கு வங்காளம் சென்று வளையலாக அறுபடுவதும், கோயில்களிலும் சடங்குகளிலும் அது பெறும் இடமும் அந்நூலிலே விரிவாக உள்ளன. நம் தோழர் கேட்டது அதனையே. அவர் நின்ற இடத்திற்கும் அந்நூலுக்கும் நான்கு அலமாரி தூரம்.

அன்று மாலை நாமும் தோழர் சிலரும், நம் கல்லூரி நூல்நிலையப் பணியாளர் இருவருமாக ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, அரங்கநாதனார் இலண்டனிற் செய்த சோதனையை நாமே செய்து பார்த்தோம். பத்து நூல்களை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றையும் தேடி வரக்கூடிய வெவ்வேறு மனிதரை மனத்தில் நிறுத்தி, அவர் எந்த அடுக்கை நோக்கி நடப்பார் என்று எழுதுவதே ஆட்டம். முதலிற் சிரிப்பும் கேலியுமாயிருந்தது. சிறிது நேரத்தில் பணியாளர்களே எம்மை விஞ்சிவிட்டனர். ஏனெனில் யார் வந்து எதைக் கேட்பர் என்பது அவர்களுக்கன்றோ தெரியும்! சங்கு நூலுக்கு மட்டும் ஐந்து வாயில்கள் கண்டோம். உயிரினம் பற்றி அறிய வருபவன் விலங்கியலுக்குச் செல்வான். குளிப்பவன் மகன் மீன்தொழிலுக்குச் செல்வான். வளையல் வணிகத்தை ஆராய்பவன் கைத்தொழிலுக்கும், பூசை முறைகளை நாடுபவன் சமயத்திற்கும், ஊர் வரலாறு எழுதுபவன் திருநெல்வேலிப் பகுதிக்கும் செல்வர். கால்டுவெல் ஐயர் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தை எடுத்தபோது, வரலாறு தவிர வேறு வாயில் அதற்கு இராது என்று ஒருவர் பந்தயம் கட்டித் தோற்றார்.

நூல் ஓரிடத்தில்தான் நிற்கமுடியும். அதனை ஐந்தாய்க் கிழிக்கலாகாது. ஆயினும் அதனிடம் சேரும் வழிகள் ஐந்தாயிருக்கலாம். இதற்காகவே 1938இல் அரங்கநாதனார் சங்கிலி முறை என்பதை வகுத்தார். பகுப்பெண்ணில் உள்ள ஒவ்வொரு கண்ணியையும் எடுத்து, அகரவரிசைப் பட்டியிலே தனித்தனிக் குறிப்பாக எழுதிவிட்டால், எந்தக் கண்ணியைப் பிடித்து இழுத்தாலும் நூல் கைக்கு வரும். இக்காலத்திற் கணினித் திரையில் ஆடை வாங்குவோர் நிறம் ஒன்று, அளவு ஒன்று, விலை ஒன்று எனத் தேர்ந்து வடிகட்டிக்கொள்வதும் பொருளைக் கூறுகூறாகப் பிரித்து வைத்த இம்முறையின் வழியதே.

குறையும் கூறவேண்டும். அவர் அமைத்த எண்கள் சில நேரம் மிக நீண்டு விடுகின்றன. அவர் புதிதாய்ப் படைத்த கலைச்சொற்களோ புதியவரை அச்சுறுத்தும். நம் நாட்டிலேயே மிகப் பல நூலகங்கள் இன்றும் டூயியின் முறையையே கையாள்கின்றன. அது பற்றி வருந்துவாரும் உளர். நாம் பெரிதும் வருந்தவில்லை. அந்த எண்களை ஏற்காத நூலகத்திலும் அந்த வினாக்களை எழுப்பலாம்.

வினாக்கள் என்றமையால் அவருடைய ஐந்து விதிகளுக்கு வருகிறோம். இலண்டனிலிருந்து திரும்பியபின் மூன்றாண்டு அவர் மனத்தை ஒரு குழப்பம் வாட்டியது. நூலகத் தொழிலில் நூற்றுக்கணக்கான நடைமுறைகள் இருந்தன. ஒவ்வொன்றும் எங்கோ எவரோ செய்ததைக் கண்டு பிறர் பின்பற்றியது. கணிதத்திற் போல, சில அடிப்படைகளிலிருந்து மற்றவை யாவும் பிறக்குமாறு செய்ய இயலாதா என்று அவர் ஏங்கினார். 1928இல் ஒரு மாலை, தம் பழைய மாணவனைக் காண வந்த பேராசிரியர் இராஸ், அவர் தடுமாற்றத்தைக் கேட்டு, நூல்கள் பயன்பாட்டிற்கே உரியவை என்பதைத்தானே முதல் விதியாகக் கொள்ள விழைகிறாய் என்று வினவிவிட்டுச் சென்றார். அடைபட்ட மடை திறந்தது போலாயிற்று. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்பது இரண்டாவது. அதனையே தலைகீழாகத் திருப்பி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்கவேண்டும் என மூன்றாவதைச் செய்தார். வாசகரின் நேரத்தை வீணாக்கலாகாது என்பது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் போன்றது என்பது ஐந்தாவது.

இவை மிக எளியன. யாருக்குத் தெரியாது என்று கேட்கத் தோன்றும். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் அவர் இவற்றைப் பொன்மொழியாகச் சுவரில் மாட்டவில்லை, உரைகல்லாகப் பயன்படுத்தினார். நூலகத்தில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து இவ்வைந்தின்மேல் உரைத்துப் பார்ப்பதே அவர் தந்த பயிற்சி. அலமாரியின் உயரம் என்ன? கை எட்டாத உயரத்தில் நூலை வைப்பது முதல் விதிக்கு மாறு. கதவு எந்நேரம் திறக்கிறது? அலுவலுக்குச் செல்வோர் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் திறந்தால், அவருக்குரிய நூலை அவருக்கு மறுத்ததாகும். கம்பிக் கதவுக்குப் பின்னே நூல்களைப் பூட்டி, சீட்டு எழுதிக் கேட்பவருக்கு மட்டும் கொடுத்தால், தான் இருப்பதையே வாசகன் அறியாத நூல் என்ன செய்யும்? அதனால் வாசகரே அடுக்குகளினிடையே உலவித் தேரும் திறந்த முறையைச் சென்னையில் அவர் கொணர்ந்தார். பணியாளர் மேசைக்குப் பின் அமர்ந்திருத்தல் போதாது. தயங்கி நிற்கும் வாசகனை அணுகி அவன் தேவையை அறிதல் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். நான்கு அலமாரி தூரத்தை நம் தோழர் கடக்க முடியாமற் போனது எந்த விதி பிழைத்ததால் என்று அந்த மேசையில் ஒரு வழக்கே நடந்தது. மூன்றாம் விதி என்றார் ஒருவர். நான்காம் விதி என்றார் மற்றவர். இரண்டாம் விதியே என்பது பணியாளருள் மூத்தவர் தீர்ப்பு.

இவ்வைந்து விதிகளை அவர் முதன்முதலில் அவையறியக் கூறியது 1928 டிசம்பரில், சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் நடந்த கல்வி மாநாட்டில். அதற்கு முந்திய மாதம் அவர் மனைவியார் ருக்மணி அம்மையார் எதிர்பாராத விபத்தொன்றில் இறந்தார். இருபதாண்டு வாழ்க்கைத் துணை. அத்துயரின் ஈரம் உலராத நாட்களில், வாசகரின் தேவையையும் நேரத்தையும் பற்றி அவர் எவ்வாறு நின்று பேசினாரோ அறியோம். சிறு வயதிலே தந்தையை இழந்தவர், நடு வயதிலே மனைவியை இழந்தவர், மேலும் மேலும் வேலையிலே மறைந்துகொண்டார் போலும். நாள்தோறும் பதின்மூன்று மணி நேரம், விடுமுறை என்பதே இன்றி இருபதாண்டு உழைத்தார் என்பர். இதனைப் புகழ்வதா இரங்குவதா என்று நமக்குத் துணிவு பிறக்கவில்லை. 1929இல் சாரதா அம்மையாரை மணந்தார். ஐந்து விதிகள் 1931இல் சென்னை நூலகச் சங்கத்தின் வாயிலாக நூலுருப் பெற்றன. அச்சங்கமும் 1928இல் அவர் முயற்சியால் தோன்றியதே.

1929இல் நூலகப் பணியாளருக்கான கோடைப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. வாசகர் நூலகத்திற்கு வராவிடின் நூலகம் வாசகரிடம் செல்லட்டும் என்னும் கருத்தே அவ்வண்டி. உப்பளத் தெருக்களிலும் கடற்கரைச் சேரிகளிலும் அத்தகைய வண்டி ஒன்று வந்திருந்தால் நம் தோழர் பாட்டனார் தம்மைப் பற்றிய நூலைத் தாமே பார்த்திருப்பார் என்று எண்ணினோம். படிக்கத் தெரியாதவராயினும், படங்களைப் பார்த்திருப்பாரன்றோ.

பிற்கால நிகழ்ச்சிகளை விரைந்து சொல்லி முடிப்போம். 1945இல் சென்னையை விட்டுக் காசி இந்துப் பல்கலைக் கழகம் சென்று, அங்கே குவிந்து கிடந்த ஏறக்குறைய ஒரு நூறாயிரம் நூல்களைத் தாமே வகைப்படுத்தினார். பின் தில்லிப் பல்கலைக் கழகத்திற் கற்பித்தார். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. இன்று நம் ஊர்களில் உள்ள மாவட்ட நூலகங்களும் கிளை நூலகங்களும் அச்சட்டத்தின் கிளைகளே. அதற்கு வித்திட்டவர் அவர். சுவிட்சர்லாந்தில் சில ஆண்டு தங்கி எழுதினார். 1957இல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். தாம் சேர்த்த பொருளில் ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக் கழகத்திற்கு அளித்து, துணைவியார் பெயரும் தம் பெயரும் இணைய, நூலகவியற் பேராசிரியர் இருக்கை ஒன்றை நிறுவினார். 1962இல் பெங்களூரில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில், ஆவணப் பயிற்சி ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கி, முதுமையிலும் இளைஞரோடு அமர்ந்து தம் முறையையே தாம் திருத்திக்கொண்டிருந்தார். முடிந்த முறை என்று எதனையும் அவர் மூடிவைக்கவில்லை. பதிப்புத்தோறும் மாற்றினார், அதனாற் பழைய பதிப்பைப் பின்பற்றியோர் முணுமுணுத்ததும் உண்டு. 1972 செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரிற் காலமானார். அவர் பிறந்த நாளாகக் கொள்ளப்படும் ஆகஸ்டு 12 நம் நாட்டில் நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அன்றைய மாலை ஆட்டத்தின் பயனாக, அந்தப் பத்து நூல்களுக்கும் நம் கல்லூரிப் பட்டியிற் புதிய குறிப்புகள் எழுதப்பட்டன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் மேலும் பத்து நூல்கள் என்று பணியாளர் இருவரும் ஏற்றுக்கொண்டனர். நாமும் இயன்றபோது உடன் அமர்கிறோம். ஹார்னெல் நூலின் படி ஒன்றை நம் கல்லூரிக்கும் வருவித்தோம். அது விலங்கியல் அடுக்கிலேதான் நிற்கிறது. ஆனால் பட்டியில் சங்கு, குளித்தல், வளையல், கோயில், தூத்துக்குடி என ஐந்து இடத்தில் அதன் பெயர் உண்டு. குளித்தல் என்னும் குறிப்பை எழுதியவர் நம் தோழரே. அவர் அந்நூலை இரண்டு முறை புதுப்பித்துக் கொண்டுவிட்டார். மூன்றாம் முறை கேட்டபோது, வேறொரு வாசகர் காத்திருக்கிறார் என்று பணியாளர் மறுத்துவிட்டார்.